கேஸ் அடுப்பு வாங்கப் போறீங்களா? இடம் பாருங்க, நிறை பாருங்க, பிறகு காசைக் கொடுங்க



இந்த இதழில் நமது பாடம் குசினியைப் பற்றியது. நான் நோர்வூட் பக்கத்து லயங்களுக்குப் போகும்போது, இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இதுதான்: "ஐயா, கேஸ் அடுப்பு ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம், நல்லதா?" சில வீடுகளில் ஏற்கனவே எடுத்துவிட்டார்கள். பெரிய பிள்ளை கொழும்பில் கடை வேலை செய்து காசு அனுப்புகிறது. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி ஈர விறகை ஊதிக்கொண்டு இருக்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் அடுப்பு வீட்டுக்கு வருமுன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அதை எங்கே வைப்பது. இரண்டு, கேஸ் கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பது. மூன்று, கொடுக்கிற காசுக்குச் சரியான அளவு கிடைக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது.

விறகுப் புகை சும்மா விடாது

முதலில் விறகைப் பற்றிப் பேசுவோம். கவாத்து மிலாறும் சவுக்கு விறகும் நமக்குக் காசில்லாமலோ குறைந்த காசுக்கோ கிடைக்கிறது. ஆனால் புகைக்கு நாம் வேறு விதமாக விலை கொடுக்கிறோம். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். பிள்ளைகளுக்கு வரும் நிமோனியா, பெரியவர்களுக்கு வரும் நாட்பட்ட இருமல், மூச்சுத் திணறல், கண்ணில் வெள்ளை படர்வது, இவை எல்லாவற்றுக்கும் புகையோடு சம்பந்தம் உண்டு. கர்ப்பிணித் தாய் தினமும் புகையைச் சுவாசித்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம்.

லயக் காம்பராவில் இது இன்னும் மோசம். புகைபோக்கி கிடையாது அல்லது அடைத்துப் போயிருக்கும். மழைக்கும் குளிருக்கும் கதவைச் சாத்திவிடுவோம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் அதே புகையைத்தான் குடிக்கிறது. ஆகவே கேஸுக்கு மாற நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் புகையிலிருந்து தப்பி நெருப்பில் மாட்டிக்கொள்ளக்கூடாது.

2021 இல் நாடு படித்த பாடம்

2021 நவம்பர் மாதம் இலங்கையின் பல பகுதிகளிலும் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்தி ஒவ்வொரு நாளும் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. சனங்கள் பயந்துபோய் சிலிண்டரை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். இதை ஆராய மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் எட்டுப் பேர் கொண்ட குழுவை அப்போதைய ஜனாதிபதி நியமித்தார். சிலிண்டருக்குள் இருந்த வாயுக் கலவையை மாற்றியதே முக்கிய காரணம் என்று அந்தக் குழு கண்டது.

அது என்ன கலவை? சமையல் கேஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி அடைத்தது. இரண்டில் புரொப்பேனுக்கு அழுத்தம் அதிகம். அதன் பங்கைக் கூட்டினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். பழைய ரெகுலேட்டர், வெடித்துப்போன குழாய், தளர்ந்த கிளிப் எல்லாம் குறைந்த அழுத்தத்தில் எப்படியோ தாக்குப் பிடித்திருக்கும். அழுத்தம் கூடினால் அந்த இடங்களில்தான் முதலில் கசியும்.

கலவையை நாம் மாற்ற முடியாது. அது கம்பனியும் அரசாங்கமும் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் ரெகுலேட்டர், குழாய், கிளிப், அடுப்பு வைக்கும் இடம், இந்த நான்கும் நமது கையில்தான் இருக்கின்றன.

முதல் பாடம்: இடம்

கேஸ் காற்றைவிடப் பாரமானது. புகை மேலே போகும், கேஸ் கீழே இறங்கும். விடியற்காலையில் காசல்ரீ பக்கம் மூட்டம் பள்ளத்தில் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கசிந்த கேஸும் அப்படித்தான், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருப்பதால் அது வெளியே போய்விடாது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். சிலிண்டரில் உள்ள ஒரு லீற்றர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லீற்றர் வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று முழுவதும் அந்த நிலைக்கு வர ஒரு கிலோ சொச்சம் கேஸ் போதும். அது தரையிலேயே தங்குவதால் அதைவிடக் குறைவாக இருந்தாலும் ஆபத்துத்தான்.

ஆகவே அடுப்பு வாங்குமுன் குசினியில் நின்று இவற்றைப் பாருங்கள்:

1. சிலிண்டர் வைக்கும் இடம் சமதரையாக இருக்க வேண்டும். பள்ளத்திலோ, கட்டிலுக்குக் கீழேயோ, மூடிய அலுமாரிக்குள்ளேயோ வைக்கக்கூடாது.

2. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். கேஸ் முடியும் நேரத்தில் சிலர் சிலிண்டரைச் சரித்துப் படுக்க வைப்பார்கள். அப்போது வாயுவுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் போய்ச் சுவாலை பொங்கி எழும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

3. அடுப்பு மேசை மேலும், சிலிண்டர் பக்கத்தில் தரையிலும் இருக்கட்டும். குழாய் அடுப்புக்குக் கீழாகவோ பின்னாலோ சூடு படும்படி போகக்கூடாது.

4. விறகு அடுப்பும் கேஸ் சிலிண்டரும் ஒரே மூலையில் இருக்கக்கூடாது. பெரும்பாலான நமது வீடுகளில் இரண்டும் உண்டு. சோற்றுக்கும் குளிக்கிற சுடுதண்ணிக்கும் விறகு, காலை ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் கேஸ். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் விறகு அடுப்பு இஸ்தோப்பிலோ வெளிக் குசினியிலோ இருந்தால், கேஸ் வேறு பக்கம் இருக்கட்டும். சாமி விளக்கு, நுளம்புச் சுருள், குப்பி லாம்பு எல்லாமே தள்ளித்தான் இருக்க வேண்டும்.

5. தரையோடு காற்றுப் போய்வர வழி வேண்டும். குளிருக்காகக் கதவின் கீழ் இடைவெளியில் சாக்கைத் திணித்து அடைக்காதீர்கள்.

2017 மே 12 ஆம் திகதி நமது நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, ஏற்கனவே சொல்லப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்களுக்குத் தனிக் குசினி உண்டு, இடப் பிரச்சினை குறைவு. லயத்தில் இருப்பவர்கள்தான் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒரு வீட்டில் பிடித்த தீ கூரை வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். மலைப் பாதையில் தீயணைப்பு வண்டி வந்து சேருவதற்குள் முழு லயமும் எரிந்துபோகலாம். உங்கள் சிலிண்டரில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் உயிர் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் உயிரும் இருக்கிறது.

இரண்டாம் பாடம்: கசிவு பார்ப்பது

கேஸுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக மேர்கப்டான் என்ற ஒரு பொருளைக் கம்பனியில் சேர்க்கிறார்கள். அழுகிய முட்டை மாதிரி நாறும். அந்த நாற்றம் வந்தால் "கேஸ் வந்தா அப்படித்தான்" என்று சும்மா இருக்காதீர்கள். அது நமக்குத் தரும் எச்சரிக்கை.

புது சிலிண்டர் மாட்டிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணியை நுரை வரக் கலக்குங்கள். அடுப்புத் திருகுகள் மூடியிருக்க, ரெகுலேட்டரைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டர் பொருந்தும் இடம், குழாயின் இரண்டு முனை, குழாய் நெடுக என்று அந்த நுரையைத் துணியால் தடவுங்கள். குமிழி ஊதி எழும்பினால் அங்கே கசிவு இருக்கிறது. உடனே ரெகுலேட்டரை மூடிவிட்டு, கொடுத்த கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். தீக்குச்சி பற்றவைத்துக் கசிவு பார்ப்பது உயிரோடு விளையாடுவது. யாரும் செய்யக்கூடாது.

ரெகுலேட்டரும் குழாயும் SLS என்பதற்கான எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதா என்று பார்த்தே வாங்குங்கள். ரெகுலேட்டர் உங்கள் சிலிண்டருக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். பலவந்தமாக அமுக்கி மாட்ட வேண்டாம். லயத்தில் எலித் தொல்லை அதிகம். எலி ரப்பர் குழாயைக் கடிக்கும். வாரத்துக்கு ஒரு நாள் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பல் தடமோ கண்டால் டேப் சுற்றி ஒட்டவேண்டாம், மாற்றிவிடுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது.

பிரட்டுக்குப் போகுமுன்னும், இரவு படுக்குமுன்னும் அடுப்பை மட்டும் மூடினால் போதாது. ரெகுலேட்டரையும் மூடுங்கள். அந்த வேலை யாருடையது என்று வீட்டில் ஒருவருக்குப் பொறுப்புக் கொடுத்துவிடுங்கள்.

நாற்றம் வந்தால் என்ன செய்வது?

1. தீக்குச்சி, லைட்டர் வேண்டாம். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சுவிட்சில் வரும் சின்னப் பொறியே போதும். போனையும் வீட்டுக்குள் எடுக்கவேண்டாம்.

2. விறகு அடுப்பு எரியவில்லை என்றால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலை எல்லாம் திறந்துவிடுங்கள்.

3. பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியே கூட்டிப் போங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். அவர்களது அடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம்.

4. தீப் பிடித்துவிட்டால் சாமான் எடுக்க உள்ளே போகாதீர்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990. இந்த இரண்டு இலக்கத்தையும் கதவின் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

யாருக்காவது சூடு பட்டால், ஓடும் குளிர்ந்த தண்ணியில் இருபது நிமிடம் காட்டுங்கள். பீலித் தண்ணி போதும். ஐஸ் வைக்கவேண்டாம். பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை, மை ஒன்றும் பூசவேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். ஒட்டிப்போன துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மூன்றாம் பாடம்: நிறை

கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ கூடுதலாக வெட்டினால் நாம் சும்மா விடுவோமா? படங்கு நிறை எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு என்று கேட்டுச் சண்டை பிடிப்போம். அதே கணக்கை கேஸ் கடையிலும் போட வேண்டும்.

சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் வெறும் சிலிண்டரின் நிறை பதிந்திருக்கும். அதுதான் படங்கு நிறை. உதாரணத்துக்கு 14.2 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 12.5 கிலோ கேஸ் இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 26.7. தராசு அவ்வளவு காட்ட வேண்டும். 24 கிலோ காட்டினால் உள்ளே 9.8 கிலோதான் இருக்கிறது.

பருமனைப் பார்த்து ஏமாறவும் கூடாது. 2021 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் கிலோவுக்குப் பதிலாக "18 லீற்றர்" என்று அளவு போட்ட சிலிண்டர் சந்தைக்கு வந்தது. லீற்றர் என்பது கன அளவு, கிலோ என்பது நிறை. அதை நிறையில் கணக்குப் பார்த்தால் 9 கிலோ சொச்சம்தான். 12.5 என்ற இலக்கத்தைவிட 18 என்ற இலக்கம் பெரிது, ஆனால் கேஸ் குறைவு. ஆகவே எந்தச் சிலிண்டர் ஆனாலும், விலையைக் கிலோவால் வகுத்து, ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கடைக்குக் கூட்டிப் போங்கள், நிமிடத்தில் சொல்லிவிடும்.

சிறிய 5 கிலோ சிலிண்டரும் உண்டு. மேல் லயங்களுக்குப் படி ஏறித் தூக்கிப் போவதற்கு அது சுகம். குறைந்த காசோடு நிரப்பலாம். காலை வேளைக்கு மட்டும் கேஸ் பாவிக்கும் வீட்டுக்கு அது போதுமா என்று யோசியுங்கள்.

காசுக் கணக்கு

விலை நமது கையில் இல்லை. 2021 ஒக்டோபரில் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாயிலிருந்து 2,750 ரூபாய்க்கு ஏறியது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அந்த நேரம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்றால், ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் வேலை. பிறகு விலை இறங்கியது, மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே கேஸை நம்பி விறகு அடுப்பை இடித்துப்போட வேண்டாம்.

அடுப்பைத் தவணைக்கு எடுப்பவர்கள் மொத்தக் கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு, கைக்காசுக்கு 18,000 ரூபாய் அடுப்பு. தவணைக்கு முதல் கட்டு 3,000, பிறகு மாதம் 1,750 வீதம் பன்னிரண்டு மாதம். கேட்கும்போது 1,750 லேசாகத் தெரியும். கூட்டிப் பார்த்தால் 24,000. ஆறாயிரம் ரூபாய் கூடுதல். அதே காசை லயத்து அக்காமார் சேர்ந்து சீட்டுப் பிடித்து எடுத்தால், அந்த ஆறாயிரத்துக்கு நல்ல ரெகுலேட்டரும் குழாயும் வாங்கலாம்.

பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். கேட்டால் கொடுப்பது கடைக்காரரின் கடமை, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நிறை குறைந்தாலோ, கூடுதல் விலை எடுத்தாலோ 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

நீங்கள் கேட்ட சில கேள்விகள்

"ஐயா, விடியக் காலையில குளிருக்குச் சுவாலை எழும்பவே மாட்டேங்குது. சிலிண்டருக்குச் சுடுதண்ணி ஊத்தலாமா?"

வேண்டாம் அம்மா. குளிரில் பியூட்டேன் மெதுவாகத்தான் வாயுவாகும். அதனால்தான் கேஸ் குறைந்த நேரத்தில், குளிர் காலையில் சுவாலை மெலிகிறது. சுடுதண்ணி ஊற்றுவதோ, விறகு அடுப்புப் பக்கம் நகர்த்துவதோ ஆபத்து. ஒரே அடுப்பை மட்டும் பாவியுங்கள், மூடி போட்டுச் சமையுங்கள்.

"சுவாலை மஞ்சளா எரியுது, சட்டி எல்லாம் கரி. ஏன்?"

நீலமாக எரிந்தால்தான் சரி. துவாரங்கள் அடைபட்டிருக்கும். அடுப்பு ஆறிய பிறகு கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். மஞ்சள் சுவாலையில் கேஸும் வீண், மணமில்லாத விஷவாயுவும் வரும். அதே காரணத்துக்காக, குளிர் காய்வதற்குக் கேஸ் அடுப்பையோ நெருப்புச் சட்டியையோ மூடிய காம்பராவுக்குள் வைத்துக்கொண்டு படுக்கக்கூடாது.

"எங்களுக்குக் கேஸ் எடுக்க வசதி இல்ல. நாங்க என்ன செய்யிறது?"

வருத்தப்படவேண்டாம் அக்கா. 1980களில் நமது நாட்டிலேயே உருவான 'அனகி' என்ற களிமண் அடுப்பு இருக்கிறது. ஒரு நெருப்பில் இரண்டு சட்டி வைக்கலாம். விறகும் குறையும், புகையும் குறையும். விறகை ஒரு வாரம் கூரைக்குக் கீழ் காயவைத்து எரியுங்கள். புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். கைக்குழந்தையைப் புகை இல்லாத பக்கம் படுக்க வையுங்கள். பருப்பையும் கடலையையும் இரவே ஊறப்போடுங்கள். இவ்வளவும் செய்தாலே பாதிப் புகை குறைந்த மாதிரி.

ஞாபகத்தில் வைக்க

• கேஸ் கீழே இறங்கும். தரையோடு காற்றுப் போக வழி விடுங்கள்.
• சவர்க்கார நுரையால் கசிவு பாருங்கள். தீக்குச்சியால் அல்ல.
• வேலைக்குப் போகுமுன்னும் படுக்குமுன்னும் ரெகுலேட்டரை மூடுங்கள்.
• வெறும் சிலிண்டர் நிறையோடு கேஸ் நிறையைக் கூட்டித் தராசைப் பாருங்கள்.
• தவணைக் காசை முழுவதும் கூட்டிப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக் குசினிச் சுவரில் ஒட்டிவையுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். ஏனென்றால் நாம் மலைக்குப் போன நேரம் பேரப்பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுப்பது அவர்கள்தான்.